கொள்ளிடக் கரையில் கூடாரம் போட்டோம்!



ஊட்டி போனோம், கொடைக்கானல் போனோம் என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள். படிக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் லாட்ஜ் வாடகை, வேன் வாடகை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பால்காரரும் மளிகைக்காரரும் கண் முன்னே வந்து நிற்பார்கள். நான் எழுதப் போவது, எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆற்றங்கரையில் தங்கிவிட்டு வந்த கதை. கரண்டு கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது!

எங்கள் ஊர் லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலும் வீராணம் ஏரிக் கரையும்தான் எங்களுக்கு அடையாளம். சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் மாதிரி கிடக்கும் அந்த ஏரி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் வெட்டியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குவதே இந்தக் கரையில், ஒரு ஆடிப்பெருக்கு அன்றுதான். ஏரிக்குத் தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து வருகிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் துரை அணைக்கரையில் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிரம்பும். 2004-லிருந்து சென்னைக்காரர்களும் எங்கள் ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். (சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "உங்க ஊர் தண்ணி ஒத்துக்கலை" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.)

ஆற்றங்கரைச் சாப்பாடு எங்களுக்குப் புதிது இல்லை. ஆடி பதினெட்டுக்குப் பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்கு வந்துவிடும். சின்ன வயதில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்காதவர்கள் யார்? ஆனால் பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பிவிட வேண்டும். ராத்திரி தங்குவது என்ற பேச்சே கிடையாது. அதுவும் பொம்பளைகள்!

என் கொழுந்தனார் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன மாசியில் மனைவியோடு வந்தவன், காரிலிருந்து ஒரு பையை இறக்கினான். பிரித்தால் துணிக் கூடாரம்! "சாச்சி, அமெரிக்காவுல வசதி எதுவும் இல்லாத இடமாத் தேடிப் போய்த் தங்குவாங்க. அதுக்குன்னே இடம் ஒதுக்கி இருக்கு" என்றான். வசதி இல்லாத இடத்துக்கு நம் பக்கம் தேடி அலைய வேண்டியதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுமன்னார்கோயில் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிச் சொந்தக்காரர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே தங்கலாம் என்று முடிவானது. பிள்ளைகள் குதித்தார்கள். மாமியார் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் வூட்டப் பாத்துக்குறேன்" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். மாமிக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நாலு வருஷமாக வெளியூர்க் கல்யாணம் எதற்கும் அவர் வருவதில்லை. "முட்டி வலி" என்று சொல்லிவிடுவார். வெளியூர் போகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படி அடக்கி அடக்கித்தான் நீர்க்கடுப்பும், சிறுநீரில் கிருமியும் வருகின்றன என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாம் கேட்டால்தானே?

அதனால் கூடாரத்துக்கு முன்னால் கக்கூஸ் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கும் அது தெரிந்திருந்தது. அந்த நாடுகளில் இதற்கென்று முறையே இருக்கிறதாம். தண்ணீரிலிருந்து குறைந்தது இருநூறு அடி, அதாவது எழுபது எண்பது தப்படி தள்ளி, அரை அடிக்குக் குறையாமல் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். நாங்கள் ஏழெட்டுப் பேர் என்பதால் கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு எதிர்த்திசையில், மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னேன். நாலு சவுக்குக் கழி, மூன்று பழைய சேலை, மறைப்பு தயார். மாமிக்குக் குந்த முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் நாற்காலியைக் குழி மேல் வைத்தோம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், இன்னொரு வாளியில் சாம்பலும் மண்ணும், ஒரு கொட்டாங்கச்சி. போனதும் இரண்டு கொட்டாங்கச்சி மண் போட்டுவிட வேண்டும். ஈயும் இல்லை, வாடையும் இல்லை. உள்ளே ஆள் இருந்தால் கழியில் துண்டு தொங்கும்.

ஏன் இவ்வளவு தூரம் தள்ளி என்று கேட்காதீர்கள். கொள்ளிட மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரைத்தான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் எத்தனையோ ஊர்களுக்கு எடுக்கிறார்கள். மாதவிலக்குத் துணி, நாப்கின் எதையும் அங்கே புதைக்கக் கூடாது. நாய், நரி தோண்டிப் போட்டுவிடும். பழைய பேப்பரில் சுற்றித் தனிப் பையில் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

இதை எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகுதான் மாமி, "சரி, மாத்திரை டப்பாவ எடுத்து வைய்யி புள்ள" என்றார்.

போய் இறங்கியதும் பையன் நேராக ஆற்றுக்குள் இறங்கி, தண்ணீர் ஓரத்து வெள்ளை மணலில் கூடாரத்தை விரிக்கப் போனான். பார்க்க சினிமா மாதிரித்தான் இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அங்க வாணாம். முதலை ஏறிப் படுக்குற எடம்" என்றார். பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வெளியூர்ச் சகோதரிகள் நம்பமாட்டீர்கள். கொள்ளிடத்திலும், சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடத்திலும், அவற்றை ஒட்டிய வாய்க்கால் குளங்களிலும் நிஜமாகவே முதலைகள் இருக்கின்றன. துணி துவைக்கப் போன பெண்களும், மாடு குளிப்பாட்டப் போன ஆண்களும் கடிபட்டிருக்கிறார்கள், உயிர் போயும் இருக்கிறது. ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையினர் வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். 1972-ம் வருஷச் சட்டப்படி முதலையைக் கொல்லக் கூடாது. அது நன்னீர் முதலை. மாசி, பங்குனி வாக்கில் ஆற்று மணலில் குழி தோண்டி முட்டையிட்டுக் காவல் இருக்கும். பார்த்தீர்களா, நாம் போக ஆசைப்படுகிற மாதமும், நாம் தேடுகிற மணலும்தான் அதற்கும் வேண்டியிருக்கிறது! பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அது இரை தேடும் நேரம். தண்ணீர் ஓரத்தில் குனிந்து பாத்திரம் கழுவுகிற பெண், அதன் கண்ணுக்கு ஆடு மாதிரிதானே தெரிவாள்?

கூடாரம் கரைக்கு மேலே தோப்புக்குள் ஏறியது. குளியல், பாத்திரம், எல்லாம் தோப்பிலிருந்த பழைய அடிபம்பில்தான். மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் ஆற்றில் கொட்டக் கூடாது, அந்த வாடைக்கு வரும் என்று பெரியவர் சொன்னார். தென்னையடியில் குழி தோண்டிப் புதைத்தோம். ராத்திரி எட்டு மணிக்குக் கரை மேல் நின்று பையன் டார்ச் அடித்தான். எதிர்த் துறையில் இரண்டு சிவப்புப் பொட்டு, தணல் மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, அணைந்துவிட்டது. பையன் அப்புறம் பேசவே இல்லை. துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் போட்ட சத்தத்தை இங்கே எழுத இடம் போதாது.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் புளிச்சோறு, அவித்த முட்டை, அங்கே ஆக்கியது மீன் குழம்பும் வெறும் சோறும். மூன்று செங்கல், தென்னை மட்டை. காற்றுக்கு மறைப்பாக ஒரு தகரம். குடிக்க இரண்டு கேன் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். அடுப்பு நெருப்பை மணல் போட்டு மூடிவிட்டு வராதீர்கள். அடியில் தணல் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டே இருக்கும், மறுநாள் ஒரு பிள்ளை வெறுங்காலால் மிதித்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையில் சூடு தட்டாத வரை ஊற்றுங்கள்.

தரையில் படுத்துத் தூங்கினால் கட்டுவிரியன் பயமும் உண்டு. ராத்திரியில் தூங்குகிறவர்களைத்தான் அது கடிக்கும். வலி, வீக்கம் பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை தொங்கிப் போவது என்று தெரியும்போது நேரம் கடந்திருக்கும். கூடாரத்து ஜிப்பை மூடியே வையுங்கள். கூடாரம் இல்லாவிட்டால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். சந்தேகம் வந்தாலே கயிறு கட்டுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், தை, மாசி என்பேன். மேட்டூர் திறந்த பிறகு கொள்ளிடத்தை நம்பக் கூடாது. இங்கே ஒரு சொட்டு மழை இருக்காது, மேலே கர்நாடகாவில் பெய்த மழைக்கு இங்கே ஆறு நிரம்பிவிடும். 2018 ஆகஸ்ட் 22-ல் முக்கொம்புப் பழைய கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 2022 ஆகஸ்டில் சிதம்பரம் பக்கம் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி எல்லாம் தண்ணீர் சூழ்ந்து கிடந்தன. கோடையில் தண்ணீர் குறைவு என்று பிள்ளைகளை இறக்கிவிடவும் கூடாது. மணல் அள்ளிய பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது. 2022 ஜூன் 5-ம் தேதி, எங்கள் மாவட்டத்திலேயே நெல்லிக்குப்பம் பக்கம் குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன ஏழு பெண் பிள்ளைகள் மூழ்கிப் போனார்கள். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தி என்று போனவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் மகள்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சனிக்கிழமை கால் நனைக்கக்கூட நான் அனுமதி தரவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இருக்கட்டும்.

மாமி அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்தார். ஒவ்வொரு தடவையும் நான் டார்ச்சோடு கூடப் போனேன். மூன்றாவது தடவை திரும்பும்போது கரை மேலேயே நின்றுவிட்டார். நிலா இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வூட்டு மொட்டை மாடியில படுப்போம். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பனி இறங்குகிறது, வாங்க மாமி என்று நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

வருகிற மாதம் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகை வந்த அன்றே மாமி கேட்டுவிட்டார், "ஏ புள்ள, அந்த நாலு கழியையும் ஓட்டை நாக்காலியையும் வேன்ல ஏத்திக்கலாமுல்ல?"

– ஒரு வாசகி, லால்பேட்டை.