ரூ.15 ஆயிரத்துக்குள் வீடியோ கேமரா: உழவர் குழுக்கள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

“சார், குழுவில் 15 ஆயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறோம். எந்த வீடியோ கேமரா வாங்கலாம்?” விதை, உரம், பூச்சி பற்றிய கேள்விகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. செயல்விளக்கத் திடலைப் படம் பிடிக்க, பூச்சித் தாக்குதலைக் காட்டி ஆலோசனை கேட்க, விளைபொருளை வியாபாரிக்குக் காட்ட என்று வீடியோ இன்று விவசாயத்தில் ஒரு கருவியாகிவிட்டது. ஆனால் கேமரா வாங்கிய பல குழுக்களில் அது ஆறு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது. அப்படிப் போன ஒரு கேமராவை வாங்கச் சொன்னவன் நானே என்பதால், என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உழவர் குழுவுக்குக் கேமரா தேர்வு செய்து கொடுத்தேன். ஜூம் அதிகம், படம் தெளிவு என்று பார்த்து வாங்கினோம். தென்னந்தோப்பில் முதல் படப்பிடிப்பு நடந்தது. வேர் வழியாக மருந்து கட்டும் முறையை ஒரு மூத்த விவசாயி அருமையாக விளக்கினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் மட்டை ஆடும் படம் பளிச்சென்று தெரிகிறது. அவர் பேசியதில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்றின் இரைச்சல்தான் முழுக்க. வெளி மைக் செருகலாம் என்று தேடினால், அந்தக் கேமராவில் மைக் துளையே கிடையாது. வாங்கும்போது அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

பூச்சி, நோயைக் காட்டி ஆலோசனை கேட்பதுதான் உங்கள் முக்கியத் தேவை என்றால், கேம்கார்டர் எனப்படும் தனி வீடியோ கேமரா தேவையே இல்லை. பயிர்க் காப்பீட்டுக்கும் அப்படித்தான். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு தகவல் அனுப்புவதற்குக் கையில் கைப்பேசி இருந்தால் போதும். கேம்கார்டரில் எடுத்து, கார்டைக் கழற்றி, கணினியில் ஏற்றி அனுப்புவதற்குள் அந்த நேரத்தில் பாதி போய்விடும்.

வயல்வெளிப் பள்ளி, கருத்தரங்கு என்று இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் குழுக்களுக்கு மட்டும் கேம்கார்டர் உண்மையிலேயே பயன்படும். நடுவில் அழைப்பு வராது, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், வெயிலில் கைப்பேசி அளவுக்குச் சூடாகி நின்றுவிடாது, தூரத்தில் நிற்பவரையும் தெளிவாக இழுத்துக் காட்டும். ஆனால் தெரிந்த நிறுவனங்களின் தொடக்க நிலைக் கேம்கார்டர்கூட 15 ஆயிரத்துக்குள் புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைக்கும் சிறிய மாடல்களிலும் மைக் துளை இல்லாதவை உண்டு.

விளம்பரத்தில் வரும் ‘4கே’ கேமராக்கள்

இணையத்தில் ஐந்தாறு ஆயிரம் ரூபாய்க்கு ‘4கே, 56 மெகாபிக்சல், 18 மடங்கு ஜூம்’ என்று பெயர் தெரியாத கேம்கார்டர்கள் விற்கிறார்கள். இவற்றைத் தவிர்க்கவும். பெரும்பாலும் உள்ளே இருப்பது மலிவான சிறிய சென்சார். அது பிடிக்கும் சிறிய படத்தை மென்பொருளால் பெரிதாக்கி 4கே என்று பெயர் வைக்கிறார்கள். அந்த 18 மடங்கும் டிஜிட்டல் ஜூம். லென்ஸ் நகர்ந்து தூரத்துப் பொருளை இழுப்பது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். பெட்டியில் ‘ஆப்டிகல்’ என்ற சொல் இல்லாவிட்டால் ஜூம் எண்ணைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

மெகாபிக்சலும் அப்படித்தான். முழு எச்.டி. வீடியோவின் ஒரு படத்தில் 1920 x 1080 புள்ளிகள், அதாவது சுமார் 21 லட்சம் புள்ளிகள்தான் உள்ளன. இது வெறும் 2 மெகாபிக்சல். நம் தேவைக்கு முழு எச்.டி. தாராளம்.

விளையாட்டு வீரர்கள் தலையில் மாட்டும் ஆக்‌ஷன் கேமராக்களையும் சிலர் கேட்கிறார்கள். டிராக்டர் ஓட்டுவதை, நாற்று நடுவதைக் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் மாறாது. இலையின் அடியில் உள்ள பூச்சியைக் கிட்டத்தில் காட்டினால் மங்கலாகவே தெரியும்.

பழைய கேமரா வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பழைய கேமராக்களைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அதில் டேப் போடும் மினி டிவி கேமராவை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதற்கான ஃபயர்வயர் துளை இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. எஸ்.டி. கார்டில் நேரடியாகப் பதிவாகும் மாடலை மட்டும் பாருங்கள்.

லென்ஸின் மீது டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். ஈரக்காற்று உள்ள ஊர்களில் வைத்திருந்த கேமராக்களில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அப்படி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பேட்டரியை முழுதாக ஏற்றி அரை மணி நேரம் தொடர்ந்து ஓட விடவும். அந்த மாடலுக்குப் புது பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரிக்கவும். பழைய மாடல்களுக்குப் போலி பேட்டரிதான் கிடைக்கும், அது சீக்கிரம் உப்பிவிடும். மைக் துளை இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கையில் உள்ள கைப்பேசியே போதுமா?

பெரும்பாலான குழுக்களுக்குப் போதும். உறுப்பினர்களில் யாரிடமாவது சுமாரான கைப்பேசி இருந்தால், அந்த 15 ஆயிரத்தில் ஐந்தாயிரம் மட்டும் செலவு செய்யுங்கள் என்பதே என் யோசனை.

அந்த ஐந்தாயிரத்தில் முதல் செலவு மைக். சட்டையில் குத்தும் கம்பி வைத்த காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐந்தாறு மீட்டர் கம்பி உள்ளதாக வாங்கினால் பேசுபவர் வரப்பில் நடந்துகொண்டே பேசலாம். செருகும் முள்ளைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் கைப்பேசிக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. மாற்றிச் செருகினால் ஒலி பதிவாகாமல் போகலாம். சில மைக்குகளில் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். படம் எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவும். உங்கள் கைப்பேசியில் வட்டத் துளை இல்லை என்றால் டைப்-சி மைக் கேட்டு வாங்குங்கள். மைக் மேல் மாட்டும் பஞ்சுறையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். ஆடிக் காற்றுக்குப் பஞ்சுறை மட்டும் போதாது. பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்.

அடுத்து முக்காலி. கைப்பேசியைப் பிடிக்கும் கிளிப்போடு ரூ.1,500-க்குள் கிடைப்பதே போதும். வயலில் காற்றுக்குச் சாயாமல் இருக்க, நடுத்தண்டில் ஒரு பையைக் கட்டி உள்ளே இரண்டு கல்லைப் போடுங்கள். மீதியில் ஒரு பவர் பேங்க், கொட்டகைக்குள் எடுக்க ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு.

கைப்பேசியே புதிதாக வாங்க வேண்டும் என்றால் பத்து, பதினோராயிரத்துக்குள் பாருங்கள். பின்பக்கம் எத்தனை கேமரா இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2 மெகாபிக்சல் ‘மேக்ரோ’ கேமரா பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். முதன்மைக் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் இருக்கிறதா, நடந்துகொண்டே முழு எச்.டி.யில் எடுத்தால் படம் குலுங்காமல் வருகிறதா என்று கடையிலேயே எடுத்துப் பாருங்கள். மெமரி கார்டு போடும் இடம் உள்ளதாகப் பார்க்கவும். முழு எச்.டி.யில் ஒரு மணி நேரப் படம் சுமார் 7 முதல் 8 ஜிபி இடத்தைப் பிடிக்கும். கார்டைத் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். போலிக் கார்டில் 128 ஜிபி என்று எழுதியிருக்கும்; உள்ளே எட்டோ பதினாறோதான் இருக்கும். நிரம்பியதும் பழைய படங்கள் கெட்டுவிடும்.

பத்து மடங்கு லென்ஸ் என்னும் மலிவான உதவி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான். மிளகாயில் இலை சுருண்டிருக்கிறது என்று மங்கலான ஒரு வீடியோ எனக்கு வந்தது. சுருட்டலைப் பார்த்து இலைப்பேன் என்று நினைத்து மருந்து சொன்னேன். இரண்டு முறை அடித்தும் குறையவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் மஞ்சள் சிலந்தி. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி என்பது பொதுவான அடையாளம். மங்கலான படத்தில் சுருட்டலின் திசைகூடச் சரியாகத் தெரியவில்லை. சிலந்திக்குத் தனி மருந்து வேண்டும். பூச்சிக்கொல்லி பலவற்றுக்கு அது அசையாது. இரண்டு தெளிப்புச் செலவு அந்த விவசாயிக்கு வீணானது. தெளிவான படத்தைக் கேட்டு வாங்காமல் பதில் சொன்னது என் தவறு.

மண், பூச்சி ஆய்வுக்கு மாணவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு கை லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதைக் கைப்பேசிக் கேமராவின் மேல் ஒட்டினாற்போல் பிடித்து, இலையை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளை ஈயின் குஞ்சு தெரியும்; இலைப்பேன், சிலந்தி எல்லாம் நகர்வதும் தெரியும். நகர்வதைக் காட்டுவதால்தான் இங்கே போட்டோவைவிட வீடியோ நல்லது.

ஆலோசனைக்கு அனுப்பும் வீடியோ ஒரு நிமிடம் இருந்தால் போதும். முதலில் வயல் முழுவதும், பிறகு ஒரு செடி, பிறகு இலையின் அடிப்பக்கம். எடுக்கும்போதே பயிர், ரகம், வயது, இதுவரை அடித்த மருந்து ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். நெல்லில் புகையான் என்று சந்தேகம் வந்தால் மேலிருந்து எடுத்துப் பயனில்லை. தூரை விலக்கி, கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா தண்ணீர் மட்டத்துக்கு அருகே போகும். பூச்சி அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘வீடியோ’ என்று அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கி, நீங்கள் பாடுபட்டு எடுத்த தெளிவைக் கெடுத்துவிடும்.

படம் எடுக்கும்போது

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பிறகும் எடுங்கள். உச்சி வெயிலில் முகத்தில் நிழல் விழும். சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். பேசுபவரின் முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த வெளிச்சத்துக்குப் பூட்டிக்கொள்ளும். வண்ணச் சட்டை போட்டு வரச் சொல்வது அதைவிட எளிது. மாட்டுக் கொட்டகையில் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடுகள் ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வருவது அது. கேமரா அமைப்பில் ‘ஃபிளிக்கர்’ என்ற இடத்தில் 50 என்று மாற்றவும், அல்லது விநாடிக்கு 25 படங்கள் என்று வைக்கவும்.

2006-இல் பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் தொடங்கி, பின்னர் தனி அமைப்பாகிய டிஜிட்டல் கிரீன், கிராமத்து விவசாயிகளையே பேச வைத்து வீடியோ எடுத்து, அதைச் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டியது. பார்த்தவர்கள் முதலில் கேட்டது, பேசுபவர் யார், எந்த ஊர்க்காரர் என்றுதான். உங்கள் குழு எடுக்கும் படத்திலும் மருந்தின் அளவைப் பல்கலைக்கழகப் பரிந்துரையோடு ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மற்றதை உங்கள் ஊர் விவசாயியே பேசட்டும். என்னைப் போன்றவர்கள் அரை நிமிடம் வந்தால் போதும்.

கருவிகள் யார் பொறுப்பில் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மருந்து தெளிக்கும் இடத்தில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுக்காதீர்கள். தெளிப்பு லென்ஸிலும் படியும், உங்கள் மேலும் படியும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைக்கும்போது பேட்டரியைப் பாதி ஏற்றிக் கழற்றி வைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிறதே, அதுவே போதும்.