லயத்தைச் செப்பனிடப் பணம் உண்டு. அது வந்து சேரும் வழி எது?

ஏலப்பாறையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், இடவப்பாதி மழை இறங்குமுன் நம்மவர் செய்யும் முதல் வேலை கூரையின் மேல் பிளாஸ்டிக் படுதா விரிப்பதே. அது காற்றில் பறந்துவிடாதபடி கல்லும் கட்டையும் ஏற்றி வைப்பார்கள். மழைக்காலம் முடியும்வரை குடும்பம் முழுவதும் அந்தப் படுதாவை நம்பித்தான் உறங்க வேண்டும். மூன்று தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த கைகளுக்கு ஒழுகாத கூரை ஒன்று இன்னும் வாய்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த பல வீடுகளைக் கொண்டது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றபின் இவ்வரிசைகளில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீட்டின் கூரை முதலில் கெடுகிறது. அதன் ஈரம் நடுச்சுவர் வழியே அடுத்த வீட்டுக்குப் பரவுகிறது. ஆகவே ஆளில்லாத வீட்டைச் செப்பனிடாமல் ஆளுள்ள வீட்டைக் காக்க இயலாது. தனித்தனியே ஒரு குடும்பம் தன் பங்குக்கு நாலு தகரம் வாங்கிப் போடுவதால் மட்டும் தீரும் குறையன்று இது.

சட்டம் சொல்வது

தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. லயம் இடிந்து உயிர்ச்சேதமோ காயமோ நேரிட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்ற விதி 1981-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் நீங்கிவிட்டபோதிலும், இவ்விரு கடமைகளும் அவற்றில் இடம் பெற்றுள்ளன. குடிநீர், சமையலறை, கழிப்பிடம் ஆகியவையும் வீட்டோடு சேர்ந்தவையே.

ஆயினும் நஷ்டஈட்டு விதியில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இயற்கைப் பேரிடரே காரணம் என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. 2022 ஜூலையில் ஏலப்பாறையை அடுத்த கோழிக்கானம் தோட்டத்தில் லயத்தின்மீது மண் சரிந்து பெண் தொழிலாளி ஒருவர் மாண்டதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இத்தகைய துயரம் நேரும்போது மழை செய்தது எவ்வளவு, பராமரிப்பின்மை செய்தது எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. சுவர் வெடித்திருப்பதை முன்னமே எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்திருப்பவருக்கே அக்கேள்விக்கு விடை சொல்லும் வலிமை உண்டு. வாய்ச்சொல்லாகக் கங்காணியிடம் முறையிட்டதற்குச் சாட்சி ஏது?

அரசாங்கம் ஒதுக்கியது

2015-இல் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின், தோட்டத் தொழிலை ஆராய நீதிபதி என். கிருஷ்ணன் நாயர் கமிஷன் அமைந்தது. அதன் அறிக்கையை ஒட்டி 2018-இல் கேரள அரசாங்கம் பல சலுகைகளை அறிவித்தது. தோட்ட வரி நீக்கப்பட்டது. லயங்களுக்குக் கட்டட வரி விலக்கப்பட்டது. 'லைஃப்' வீட்டுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு வீடு கட்ட ஆகும் செலவில் பாதியை அரசாங்கமும் பாதியை உரிமையாளரும் ஏற்பது என்றும், உரிமையாளர் தம் பங்கை வட்டியின்றி ஏழு ஆண்டுத் தவணைகளில் செலுத்தலாம் என்றும், நிலத்தை அவர் இலவசமாகத் தரவேண்டும் என்றும் முடிவாயிற்று.

லயங்களைப் புதுப்பிக்க 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்னர், லயத்தைச் செப்பனிடும் தோட்ட உரிமையாளருக்குச் செலவில் 30 சதவீதம் மானியம் என்ற ஏற்பாடும் வந்தது.

தடை எங்கே?

இவற்றை ஒருசேர நோக்கினால் உண்மை விளங்கும். பணம் உரிமையாளர் வழியே வரவேண்டும். அவர் விண்ணப்பித்தால்தான் மானியம். அவர் நிலம் தந்தால்தான் வீடு. உரிமையாளரே இல்லாத தோட்டத்தில் யார் விண்ணப்பிப்பது? பீர்மேடு டீ கம்பெனியின் லோன்ட்ரீ, சீந்தலாறு தோட்டங்கள் 2000-ஆம் ஆண்டில் கைவிடப்பட்டன. அங்குள்ளோர் தேயிலைச் செடிகளைத் தமக்குள் பங்கிட்டுக் கொழுந்து விற்றுப் பிழைத்தனர். பணிக்கொடை கைக்கு வராத நிலையில் லயத்தை விட்டு வெளியேறினால் உள்ள பிடியும் போய்விடும் என்று அஞ்சி, இடியும் சுவர்களுக்குள்ளேயே காத்திருந்த முதியோர் பலர்.

சொந்த வீட்டுக்கு வேறு உதவிகள் உண்டு. பட்டியல் சாதிக் குடும்பங்கள் அரைகுறை வீட்டை முடிக்கவும் பழுது நீக்கவும் 'சேஃப்' திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. சிறுபான்மைச் சமூகத்து விதவைகள், கணவரால் கைவிடப்பட்டோர் ஆகியோரின் வீட்டைப் புதுக்க 'இம்பிச்சிபாவா' திட்டத்தில் 50,000 ரூபாய் உண்டு. இவை கடனல்ல, திருப்பிச் செலுத்த வேண்டுவதில்லை. ஆனால் வீடு தம் பெயரில் இருத்தல் வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே மூப்படைந்தவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

பிற இடங்களில்

இலங்கை மலையகத்தில் இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், அடுத்து 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. அங்கே குடும்பங்களுக்கு நிலம் உரிமையாக்கப்பட்டது. மேற்கு வங்காளத்திலும் 2023 முதல் தேயிலைத் தொழிலாளருக்கு 5 டெசிமல் வரை நிலப் பட்டாவும், வீடு கட்ட 1,20,000 ரூபாயும் தரும் திட்டம் நடைபெறுகிறது. நம் மாவட்டத்திலேயே, 2020 ஆகஸ்டில் எழுபது உயிர்களைப் பலிகொண்ட பெட்டிமுடித் துயரத்தின் பின், எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசாங்கம் நிலம் தந்தது. தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. முதலில் நிலம், பிறகு பணம் என்பதே இம்மூன்றும் காட்டும் முறை. எழுபது பேர் மாண்டபின் கைகூடியது, மாளுமுன் கைகூடலாகாதா?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு லய வரிசையாரும் ஒன்றுகூடி, பூட்டிய வீடுகளையும் சேர்த்து, பழுதுகளைப் பட்டியலிட்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் தோட்ட ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் அனுப்புதல் வேண்டும். 30 சதவீத மானியத்துக்கு விண்ணப்பித்தீர்களா என்று நிர்வாகத்தைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கிராம சபைக்குத் தவறாது செல்ல வேண்டும். அங்கே நம் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை. பாட்டன் காலத்துச் சம்பளச் சீட்டும் பழைய ரேஷன் கார்டும் குப்பையல்ல. இம்மண்ணில் நாம் குடியிருந்த காலத்தை அவையே சொல்லும்.

மூன்றாவது, தேனி, கம்பம் பக்கத்தில் முன்னோர் வீடு வைத்திருப்போர் அதனை மறந்துவிடலாகாது. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழ்நாடு அரசாங்கம் 2024-இல் 2,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. தம் வீடு அதில் அடங்குமா என்று ஊராட்சியில் விசாரித்தறிதல் நலம்.

அரசாங்கத்துக்கு நாம் வேண்டுவது ஒன்றே. உரிமையாளர் விட்டுப்போன தோட்டங்களில், குடியிருக்கும் குடும்பத்தையே விண்ணப்பதாரராக ஏற்று உதவ வேண்டும். ஓய்வு பெற்றவருக்குச் சில செண்ட் நிலமேனும் பட்டயத்தோடு தரவேண்டும். மழை உரிமையாளர் கையொப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை.