மருந்துச் சீட்டோடு வந்து சேரும் நீதிமன்ற அழைப்பாணை

நோயையும் மருந்தையும் பற்றியே இவ்விதழில் நாங்கள் எழுதுவது வழக்கம். ஆயினும் சிகிச்சைக்குப் பட்ட கடன், நோய் தீர்ந்த பிறகும் குடும்பத்தைத் தொடர்வதுண்டு. கையிருப்புப் போதாதபோது கிரெடிட் கார்டால் கட்டணம் செலுத்துகிறோம். நோய் நீளத் தவணை தவறுகிறது; வட்டியும் அபராதமும் ஏறுகின்றன. முடிவில் வங்கி தொடுத்த வழக்கின் அழைப்பாணை வீடு தேடி வருகிறது. நோயாளி மருத்துவமனையில் இருக்க, வீட்டார் சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் நாள்களில், அத்தாள் மருந்துச் சீட்டுகளோடு சேர்ந்து மறக்கப்பட்டுவிடுகிறது. அந்த மறதியே பெருங்கேடு. கேட்ட தொகை தவறாக இருந்தாலும், பதில் சொல்லாதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரக்கூடும்.

பிரதிவாதி வீட்டில் இல்லாமல், விரைவில் திரும்பும் வாய்ப்பும் இல்லையெனில், அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம் அழைப்பாணையைக் கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. மனைவியோ மகனோ வாங்கினாலும் அது முறையாகச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஆதலால் பெற்ற நாளைத் தாளிலேயே குறித்துவையுங்கள். சாதாரணப் பண வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சுருக்க விசாரணை வழக்காயின் 10 நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். எவ்வகை வழக்கு என்பதை அழைப்பாணையைப் பார்த்து வழக்கறிஞர் சொல்வார்.

கடன் உண்டு என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாதியான வங்கியுடையது. கணக்கேட்டின் பதிவு மட்டுமே ஒருவர்மீது கடன் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. எனவே கார்டுக்கான விண்ணப்பம், மாதாந்திரக் கணக்கு அறிக்கைகள், வட்டிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெற்று, மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்.

முதலாவது, செலவு நம்முடையதா? வங்கியின் தவறோ நம் தவறோ இன்றி வேற்றார் மோசடியாகப் பணம் எடுத்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் அறிவித்தவருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் அறிவித்தது. நம் பொறுப்பை மெய்ப்பிக்க வேண்டியதும் வங்கியே.

இரண்டாவது, கணக்குச் சரியா? செலுத்தாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து வட்டி போடலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி முறையற்றது என்ற தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை நீக்கிவிட்டது.

மூன்றாவது, காலம் கடந்ததா? பண வழக்குக்குப் பொதுவான கால வரம்பு 3 ஆண்டு. வரம்பு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ, சிறு தொகையைக் கையெழுத்தோடு கட்டினாலோ காலம் புதிதாகத் தொடங்கும். வசூலுக்கு வருபவர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

உண்மையாகவே பட்ட கடனை மறுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளதை ஒப்புக்கொண்டு, மிகையானதை மறுப்பதே நேர்மையான வழி. தவணையில் செலுத்த அனுமதிக்குமாறும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டாலும் வழி அடைபடுவதில்லை. 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். தாமதமானால் அதற்குரிய காரணத்தையும் விளக்க வேண்டும். படுக்கையில் இருந்ததற்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் மருத்துவச் சான்றும் சாட்சி. அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டு அச்சங்களைப் போக்க விரும்புகிறோம். கடனாளி இறந்துவிட்டால், வாரிசுகள் அவரிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். தாமே உத்தரவாதக் கையெழுத்து இட்டிருந்தால் நிலை வேறு. அடுத்தது சிறை. கொச்சி வங்கிக்கு எதிரான ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பின்படி, கட்ட இயலாத வறுமைக்காக மட்டும் கடனாளியைச் சிறையிலடைக்க முடியாது. வசதியிருந்தும் தீய நோக்கோடு கட்ட மறுத்திருக்க வேண்டும். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறைப்படுத்தச் சட்டமே இடந்தரவில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வருமானம் குறைந்த பிறருக்கும் அது உண்டு. தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால், தொகையை நன்கு எண்ணிப் பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள். அங்கு முடிந்ததன்மீது மேல்முறையீடு இல்லை.

நோயாளி அறிக்கைகளைப் படிக்கும் நிலையில் இல்லையெனில், உடனிருப்பவர் ஒருவர் வீட்டுக்கு வரும் தபாலைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்கட்டும். வேளை தவறாமல் மருந்து கொடுப்பதைப் போலவே, நாள் தவறாமல் பதில் கொடுப்பதும் அவரைக் காக்கும்.