பொதுக் கொப்பரையும் கூட்டுறவுத் தவறணையும்

மதுவைப் பற்றிய எழுத்துக்கள் தமிழில் பெரும்பாலும் இரு வகைப்படுவன. ஒன்று, அதனைக் கடியும் அறநூல் மரபினது. மற்றையது, சங்கச் செய்யுள்களில் வரும் நறவையும் தேறலையும் எடுத்துக்காட்டி மகிழும் இலக்கிய நயப்பு. இவ்விரு வகை எழுத்துக்களிலும் ஒரு வினா விடுபட்டுப் போகின்றது. மதுவை ஆக்குவதற்கு வேண்டிய கருவியும் அதனை விற்பதற்கு வேண்டிய இடமும் யாருடையவை என்பதே அவ்வினா. உற்பத்தி உறவுகளை ஆராயப் புகுவோர்க்கு நெல்லும் புகையிலையும் எவ்வளவு தகுதியான பொருள்களோ, கள்ளும் அவ்வளவு தகுதியான பொருளாகும்.

உலகின் சில பகுதிகளில் ஊரார் ஒன்றுகூடிப் பொதுவில் மதுவை ஆக்கும் மரபு இன்றும் உயிரோடுள்ளது. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள பொதுப் பியர்ச் சாலைகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. அவற்றோடு, பரந்தனை நடுவாகக் கொண்ட வன்னிப் பெருநிலத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இயங்கும் பனை தென்னை வளக் கூட்டுறவுத் தவறணைகளை ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நொதித்தலும் காலமும்

மதுவின் சமூக அமைப்பை விளங்கிக்கொள்வதற்கு அதன் இரசாயனத்தை ஓரளவு அறிதல் வேண்டும். மதுவம் என்னும் நுண்ணுயிர், வெல்லத்தை எதைல் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. கணக்கின்படி 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் அற்ககோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். இம்மாற்றம் உயிர்களின் செயல் என்பதை 1857 முதலாக லூயி பாஸ்ரர் தம் ஆய்வுகளால் நிலைநாட்டினார். உயிருள்ள கலமின்றியே மதுவத்தின் சாற்றினால் நொதித்தல் நிகழும் என்பதை எடுவார்ட் புக்னர் 1897 இல் காட்டினார்.

பனையின் பாளையிலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ 12 வீதம் வெல்லம் கரைந்த நிலையிலேயே உள்ளது. ஆகவே அதனைக் காய்ச்சவோ அரைக்கவோ வேண்டியதில்லை. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். பூசாவிடின், முன்னைய கள்ளின் எச்சமாக முட்டியில் ஒட்டியிருக்கும் மதுவமும் பற்றீரியாக்களும் சாறு சொட்டத் தொடங்கியபோதே தம் வேலையைத் தொடங்கிவிடும். மரத்தினின்று இறக்கப்படும் வேளையிலேயே அது கள்ளாகிவிடுகின்றது. அத்தோடு அவ்வேலை நின்றுவிடுவதுமில்லை. இலற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் புளிப்பைக் கூட்ட, அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் அற்ககோலை வினாகிரியாக மாற்றத் தலைப்படும். காலையில் இறக்கிய கள் மறுநாள் விலைபோகாது.

பியரின் நிலை வேறு. பார்லியில் இருப்பது வெல்லமன்று, மாப்பொருள். தானியத்தை நனைத்து முளைக்கவிட்டால் அதனுள் நொதியங்கள் தோன்றும். முளைத்த தானியத்தை உலர்த்தி, உடைத்து, வெந்நீரிற் கலந்தால் அந்நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். பின்னர் ஹொப் என்னும் கொடியின் பூக்களையிட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவத்தைச் சேர்ப்பர். ஹொப்பின் கசப்பு, கெடுக்கும் பற்றீரியாக்கள் பலவற்றைத் தடுக்கும். உலர்ந்த முளைத்தானியம் மாதக்கணக்கிற் கெடாது. பியரும் குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கிற் கெடாது. பியர் ஆக்குவோன் காத்திருக்கலாம். கள் இறக்குவோன் காத்திருக்க இயலாது. இவ்வேறுபாட்டினின்றே பின்வரும் சமூக வேறுபாடுகள் பல கிளைக்கின்றன.

பெரும்பாணாற்றுப்படை தரும் செய்தி

முளைத்தானியத்தைக் கொண்டு மது ஆக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பின் விருந்தோம்பலைக் கூறுமிடத்து ஒரு செய்முறையையே தந்துவிடுகின்றது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றி, முளை நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, பின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர் என்பது அதன் பொருள். மாப்பொருளை முளையின் நொதியங்களால் வெல்லமாக்கி நொதிக்கவிடும் இம்முறை, இரசாயன நோக்கில் நெல்லாலாகிய பியரேயாகும். அந்நூலே வீட்டில் ஆக்கிய கள்ளைத் தோப்பி என்ற பெயராலும் குறிக்கின்றது. யாழ்ப்பாணத்திற் கள் அருந்துதற்குப் பனையோலையாற் கோலிய பிளாவைப் பயன்படுத்தினர் என்பதும் பிழா என்ற சொல்லோடு வைத்து நினைக்கத்தக்கது.

இப்புலவரே பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் அசைந்த கொடிகளுள் கள் விற்குமிடத்தை அறிவித்த கொடியையும் எண்ணிக் கூறுகின்றது. ஒரு நூலில் மது விருந்தினர்க்கு வழங்கப்படும் வீட்டுப் பொருள். மற்றொன்றில் அது கொடி கட்டி விற்கப்படும் சரக்கு. குடிலுக்கும் பட்டினத்துக்குமிடையே மது அடைந்த இம்மாற்றத்தை ஒரே புலவர் வாக்கிற் காண்கின்றோம்.

பவேரியாவின் பொதுக் கொப்பரை

பவேரியாவின் வடகிழக்கே ஓபர்பால்ஸ் என்னும் பகுதி உள்ளது. அங்கே விண்டிஷெஷன்பாக், நொய்ஹவுஸ், மிற்றர்ரைஷ், எஸ்லார்ன், பால்கன்பேர்க் ஆகிய சிற்றூர்களில் ஊருக்குரிய பொதுப் பியர்ச் சாலைகள் உள்ளன. இங்கு ஆக்கப்படும் பியருக்குச் சொய்கல் என்பது பெயர். இவ்வூரார் சிலரது காய்ச்சும் உரிமை பதினைந்தாம் நூற்றாண்டுவரை பின்செல்வது. 2018 இல் இம்மரபு ஜேர்மனியின் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இதன் இயக்கம் எளிமையானது. பெரிய செப்புக் கொப்பரையும் அதன் அடுப்பும் ஆற்றுதற்குரிய அகன்ற தட்டமும் ஊருக்குப் பொது. உரிமையுள்ள குடும்பம் தனக்குரிய முறை வரும்போது முளைத்தானியத்தையும் ஹொப்பையும் கொண்டுசென்று, விறகெரித்துக் காய்ச்சிக் கொப்பரைக்குரிய கட்டணத்தை ஊருக்குச் செலுத்தும். இனிய சாறு இரவு முழுவதும் ஆறியபின், மறுநாள் அதனைத் தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுசென்று மதுவத்தைச் சேர்க்கும். சில வாரங்கள் கழித்துப் பியர் விளைந்ததும் வீட்டு முகப்பில் அறுகோண விண்மீன் ஒன்று தொங்கவிடப்படும். இன்று இவ்வீட்டிற் பியர் உண்டு என்பதே அதன் பொருள். பட்டினப்பாலை கூறும் கொடியும் இதே பணியைச் செய்தது. வருவோர் வீட்டின் நீண்ட மேசைகளில் அறிந்தவரும் அறியாதவருமாய் ஒருங்கமர்ந்து அருந்துவர். ஒரு வீட்டின் பியர் தீர்ந்ததும் விண்மீன் இறங்கும்; அடுத்த முறை மற்றொரு வீட்டினது.

இங்கு எது பொதுவாயிற்று, எது தனியாக நின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். கொப்பரை விலையுயர்ந்தது, அதன் நெருப்பு மரவீடுகள் நெருங்கிய ஊருக்கு ஆபத்தானது. ஆகவே அது பொதுவாயிற்று. நொதித்தலும் விற்பனையும் வீட்டுக்குரியவாயின. ஒரே கொப்பரையிற் பிறந்த பியர் வீட்டுக்கு வீடு சுவை மாறுவது இதனாலாகும். மேலும், காய்ச்சும் உரிமை வீட்டோடு ஒட்டிய சொத்துரிமையாக இருந்தது. வீடற்ற கூலியாளுக்கு அக்கொப்பரையில் இடமில்லை. பொதுமை என்ற சொல்லைக் கேட்டவுடன் சமத்துவத்தை எண்ணிவிடலாகாது.

தானே ஊற்றிக்கொள்ளும் மண்டபம்

அண்மைக் காலத்தில் மேலைநாட்டு நகரங்களிற் பரவியுள்ள ஒருவகை மண்டபத்தையும் இங்கு குறிப்பிடல் பொருந்தும். சுவரில் வரிசையாகக் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். வருபவர் பணஞ் செலுத்திப் பெற்ற அட்டையைக் குழாயருகே காட்டித் தாமே வேண்டிய அளவு ஊற்றிக்கொள்வர். குழாயினுள் உள்ள பாய்ச்சல்மானி மில்லிலீற்றர்க் கணக்கில் அளந்து அட்டையிற் கழிக்கும். சிறு உற்பத்தியாளர் பலரின் பியர்கள் ஒரே சுவரில் அருகருகே நிற்பதும் உண்டு.

பரிமாறுவோரின் கூலி மிச்சமாதல் முதலாளிக்கு இதிலுள்ள நயம். ஆயினும் சமூக நோக்கில் இதன் மையம் அளவையிலுள்ளது. குடிப்பவனும் விற்பவனும் ஒரே அளவைக் கண்ணாற் காண்கின்றனர். மது வாணிகத்தின் வரலாற்றில் அளவையே வஞ்சனைக்கு உறைவிடமாக இருந்துள்ளது. அவ்வஞ்சனையைப் பெரிதும் ஏற்றவன் குடிப்பவனல்லன். முட்டியைக் கொணர்ந்து கொடுப்பவனே.

பரந்தனும் அதன் சூழலும்

கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் பூநகரி வீதியும் கூடுமிடம் பரந்தன். தெற்கே இரணைமடுக் குளத்தின் நீர் பாயும் வயல்கள். வடக்கே ஆனையிறவு உப்பளமும் அதற்கப்பால் பளையின் தென்னந்தோப்புக்களும். மேற்கே பூநகரியின் பனைகள். ஒருகாலத்தில் எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிய அரச இரசாயனத் தொழிற்சாலையால் இவ்வூர் நாடறிந்ததாயிற்று. அத்தொழிற்சாலை போருக்கு இரையாயிற்று. போர்க்காலத்திற் காப்பரண்களுக்காகப் பெருந்தொகையான பனைகளும் தறிக்கப்பட்டன. 2009 இற்குப் பின் மீளக்குடியேறியோர்க்கு எஞ்சிய பனையும் தென்னையும் உடனடி வருவாய் தரும் சில பொருள்களுட் சிலவாயின.

கள்ளின் விற்பனையைக் குடியேற்ற அரசு 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தின்மூலம் ஒழுங்குபடுத்தியது. தவறணைகளின் உரிமை கூடிய விலை கேட்போர்க்குக் குத்தகையாக விடப்பட்டது. குத்தகைக்காரன் தான் அரசுக்கு இறுத்த தொகையைச் சீவல் தொழிலாளியிடமிருந்தே மீட்டான். மாலைக்குள் விற்றாக வேண்டிய பொருளைக் கையில் வைத்திருப்பவன், விலை பேசும் ஆற்றலற்றவன். குறைந்த விலை, கூட்டிய அளவை, முற்பணக் கடன் ஆகிய மூன்றும் அவனைப் பிணித்தன.

1970களின் தொடக்கத்தில், ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில், தவறணைகள் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் வந்தன. இவையே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களாக வளர்ந்தன. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் தோன்றியது. தொழிலாளி இறக்கிய கள்ளைச் சங்கத் தவறணையில் அளந்து கொடுக்கின்றான். சங்கம் விற்று அவனுக்குரியதைக் கொடுக்கின்றது. பருவத்தில் விற்பனைக்கு மிஞ்சிய கள்ளைப் போத்தலில் அடைத்து வெப்பமேற்றிக் காப்பதும், வடமராட்சித் திக்கத்தில் அமைந்த வடிசாலை போன்றவற்றிற் சாராயமாக்குவதும் இதன் விரிவுகள். நாள் முடியுமுன் கெடும் பொருளுக்கு நாட்களைக் கூட்டித் தருவதே இவ்விரண்டின் நோக்கம்.

பவேரியாவோடு ஒப்பிடுகையில் ஒரு விதி தெளிவாகின்றது. எது அரிதோ அதுவே பொதுவாக்கப்படுகின்றது. அங்கு அரிதாயிருந்தது கொப்பரை; அதனால் ஆக்கும் இடம் பொதுவாகி, விற்பனை தனியாக நின்றது. இங்கு ஆக்குவதற்கு முட்டியும் பாளைக்கத்தியும் தளைநாரும் போதும். அரிதாயிருந்தது நியாயமான சந்தை. அதனால் ஆக்கம் தனியாக நிற்க, விற்கும் இடம் பொதுவாயிற்று.

மரம் யாருடையது?

ஆயினும் கூட்டுறவு தொடாத ஓரிடம் உண்டு. ஓபர்பால்ஸ் ஊரான் தன் வீட்டுக்கும் நிலவறைக்கும் உடைமையாளன். சீவல் தொழிலாளியோ பெரும்பாலும் பிறர் காணியிலுள்ள மரத்தில் ஏறுபவன். நாளொன்றுக்கு இருமுறை, 20 மீற்றரும் அதற்கு மேலும் உயர்ந்த மரங்களில் ஏறி இறங்கும் அவன், அம்மரத்துக்கு வாடகை கொடுக்கின்றான். தவறணைக் குத்தகைக்காரன் நீங்கினான், மரக்காரன் நீங்கவில்லை.

சாதியின் சுமையும் இதனோடு சேர்ந்தது. அவன் கையாற் சீவி இறக்கிய கள்ளை அருந்திய கூட்டம், அவனுக்குத் தேநீர்க் கடையில் வேறு குவளை வைத்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் இவ்வழக்கம் ஒழியவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்தில் எழுந்த எழுச்சியும் அதனைத் தொடர்ந்த ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதனை அசைத்தன. சங்கத்தின் கணக்கேடு கூலியைத் திருத்தலாம்; தொழிலின்மேல் ஒட்டிய இழிவைத் துடைக்க அரசியற் போராட்டம் வேண்டியிருந்தது. இன்று அத்தொழிலாளரின் பிள்ளைகள் மரமேற மறுப்பதற்கு விபத்தின் அச்சமும் அவ்விழிவின் நினைவும் சேர்ந்தே காரணங்களாகின்றன.

கள்ளும் அற்ககோலே என்பதையும், குடியினாற் சிதைந்த குடும்பங்களின் பெண்கள் அதனை நன்கறிவர் என்பதையும் இங்கு மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கள்ளை மட்டும் தடுத்தல் குடியைத் தடுப்பதாகாது. தமிழ்நாட்டிற் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கு அரசின் நிறுவனமே 2003 முதல் மதுபானங்களைச் சில்லறையாக விற்கின்றது. தொழிலிழந்தவர் பனையேறிகள், குடி நின்றபாடில்லை. வன்னியிலும் தவறணை மூடிய இடத்தை ஆலைச் சாராயமும் கசிப்பும் நிரப்பும். ஏறத்தாழ 5 வீத அற்ககோல் கொண்ட பானத்தினின்று அதனைப் பல மடங்கு கொண்ட பானத்துக்குக் குடிப்பவன் மாறுவதால் குடும்பத்துக்கு நன்மை விளையாது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கூட்டுறவுத் தவறணையின் அடுத்த படிகள் புலனாகும். மரங்களின் நீண்டகாலக் குத்தகையைத் தனியாளுக்குப் பதிலாகச் சங்கமே பெறுதல் முதலாவது. சங்கத்தின் பொதுக் காணிகளிற் பனையும் தென்னையும் நட்டுப் பேணல் இரண்டாவது. பாய்ச்சல்மானி காட்டும் வெளிப்படையை முட்டி அளக்கும் இடத்துக்கும் கொணர்ந்து, ஒவ்வொரு தொழிலாளியும் தன் அளவையும் கணக்கையும் தானே காணச் செய்தல் மூன்றாவது. கருப்பநீர், பனங்கட்டி ஆகியவற்றின் பங்கைக் கூட்டிக் குடியிற் சார்ந்திருக்கும் வருவாயைக் குறைத்தல் நான்காவது.

நட்ட பனை பாளை விட ஏறத்தாழ பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் செல்லும். போரில் வீழ்ந்த பனைகளுக்கு ஈடாக 2009 இற்குப் பின் வன்னியில் ஊன்றிய விதைகள் சீவும் பருவத்தை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அம்மரங்களில் ஏறப்போகின்றவன் யாருடைய மரத்தில் ஏறுவான் என்னும் வினாவுக்கு, அவை பாளை விடுமுன்னரே விடை காணப்படல் வேண்டும்.