முட்டைக்கோஸும் ஷல்கமும்

டெல்லிக்கு வந்த புதிதில் ஷல்கத்தை நூல்கோல் என்று நினைத்து வாங்கி வந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் அடியேனும் ஒருவன். அந்த ஷல்கமும் முட்டைக்கோஸும் நெருங்கிய சொந்தமாம். உயிரியல் படிக்கும் என் பேத்தி சொன்னாள்.

1980களில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜெஃப்ரி பாமரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இரண்டின் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றே, வரிசைதான் வேறு. ஷல்கத்தின் துண்டுகளை 1, 2, 3, 4, 5 என்று வைத்தால், கோஸில் அவை 1, -5, 4, -3, 2. மைனஸ் என்றால் அந்தத் துண்டு திசை மாறி நிற்கிறது.

"தாத்தா, எத்தனை தடவை திருப்பினால் கோஸ் ஷல்கமாகும்?"

இது யார்டு வேலையல்லவா! சில வேகன்களைச் சேர்த்து முக்கோணத் தடத்தில் திருப்பிக்கொண்டு வந்தால், வரிசையும் தலைகீழாகும், ஒவ்வொன்றின் முகமும் மாறும். முதலில் 2ஐ மட்டும், பிறகு 4ஐ மட்டும், கடைசியில் பின்னால் உள்ள நான்கையும் ஒன்றாகத் திருப்பினேன். மூன்றே தடவை.

"இரண்டில் முடியாதா?"

நான் வாயடைத்துப் போனேன். சர்வீஸில் இருந்தபோது மேலதிகாரி ஒருவர், "ஒரு ஷண்டிங் குறைத்திருக்கலாமே" என்று எனக்கு மெமோ கொடுத்தார். குறைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்; நிரூபிக்கத்தான் தெரியவில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன்.

பேத்தி காகிதத்தில் கோலம் போடுவதுபோல் புள்ளி வைத்தாள். துண்டுக்கு இரண்டு முனை, இரண்டு கோடிகளிலும் ஒவ்வொரு புள்ளி. இப்போது பக்கத்தில் இருப்பவற்றை ஒரு நிறக் கோட்டாலும், பக்கத்தில் இருக்கவேண்டியவற்றை இன்னொரு நிறத்தாலும் இணைத்தாள். கோடுகள் மூடிய வளையங்களாயின. கோஸில் 3 வளையம். எல்லாம் சரியாக நின்றால் 6. ஒரு தடவை திருப்பினால் அதிகபட்சம் ஒரு வளையம்தான் கூடும். ஆகவே மூன்றுக்குக் குறைந்து முடியாது! டிப்ளமோக்காரனான எனக்கே விளங்கிவிட்டது.

எல்லா வரிசைக்கும் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. வளையங்கள் சில சமயம் முரண்டு பிடிக்கும். அதற்கும் சேர்த்து விரைவான வழியை 1995இல் ஸ்ரீதர் ஹன்னன்ஹள்ளியும் பாவெல் பெவ்ஸ்னரும் கண்டார்கள். ஆனால் துண்டுகளின் திசை தெரியாவிட்டால் கணக்கு மிகக் கடினம் என்று 1997இல் ஆல்பர்டோ கப்ராரா நிரூபித்தார். முகம் எந்தப் பக்கம் என்ற ஒரு தகவலுக்கு அவ்வளவு மதிப்பு.

"மரபணு இரட்டிப்பாகி இரண்டு 3 இருந்தால், தாத்தா?"

ஒரே நம்பரில் இரண்டு வேகனா? எங்கள் காலத்தில் நம்பர் டேக்கரைக் கூப்பிட்டிருப்போம். இங்கே எந்த 3 எந்த 3க்கு ஜோடி என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். அதுவும் கடினமான கணக்குதானாம்.

அந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறேன். மெமோ கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ!