பாலைவனத்து எசப்பாட்டு, கெய்ரோவின் வியாழக்கிழமை, துனிசியாவின் ராப்: இதெல்லாம் தெரியுமா?

ராப் என்றதும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்றைக்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, இராக்கின் பஸ்ரா நகரத்து மிர்பத் சந்தையில், கூட்டத்தைச் சுற்றி நிறுத்திக்கொண்டு இரண்டு கவிஞர்கள் ஒருவரையொருவர் பாட்டாலேயே கிழித்துத் தொங்கவிட்டார்கள், தெரியுமா? ஒருவர் பெயர் ஜரீர். இன்னொருவர் ஃபரஸ்தக். இருவருமே தமீம் என்ற ஒரே குலத்துப் பிறப்பு, கிளைதான் வேறு. ஏறக்குறைய 40 ஆண்டுகள் இந்த வசைப்போர் நடந்தது!

அதற்கு விதிமுறையும் இருந்தது. எதிராளி எந்தச் சந்தத்தில் பாடினாரோ அதே சந்தத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் வரிகள் எந்த இயைபில் முடிந்தனவோ அதே இயைபில்தான் முடிக்க வேண்டும். சுத்தமான எசப்பாட்டு! ஜரீர் ஒருமுறை நுமைர் குலத்தைப் பற்றிப் பாடிய வசை எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்றால், அந்தக் குலத்தார் அதன்பின் ஊர் பெயர் தெரியாத இடத்தில்கூடத் தங்கள் குலப்பெயரைச் சொல்லக் கூசினார்களாம். கடைசியில் ஃபரஸ்தக் இறந்தபோது இரங்கற்பா பாடியது யார்? அதே ஜரீர்தான்! கொஞ்ச காலத்தில் அவரும் கண்மூடினார்.

இந்தச் சொற்சண்டை அரபு மண்ணில் இன்றுவரை ஓயவே இல்லை. லெபனானில் ‘ஸஜல்’ என்று ஒன்று உண்டு. இரண்டு அணிகள் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, கையில் டாம்பரினைத் தட்டி, அந்த இடத்திலேயே கவி கட்டி மோதிக்கொள்ளும். 2014இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவிலிருந்து ராப் வந்து இறங்கியபோது, அரபு இளைஞர்களுக்குத் தாளக்கட்டுதான் புதிது. பேச்சை ஆயுதமாக்கும் வித்தை அவர்கள் வீட்டுச் சொத்து. அரபு ராப்பைக் கேட்கக் கேட்க எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இதுதான்.

சரி, ஒரு பாட்டு அரசாங்கத்தையே பதற வைத்த கதை தெரியுமா? துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரத்து இளைஞர் ஹமாதா பென் அமோர். மேடைப் பெயர் எல் ஜெனரல். 2010 நவம்பர் 7 அன்று ‘ரயீஸ் லெப்லெத்’ என்ற ராப் பாடலை ஃபேஸ்புக்கில் ஏற்றினார். தேதியைக் கவனியுங்கள். 1987இல் அதே நவம்பர் 7 அன்றுதான் பென் அலி ஆட்சியைப் பிடித்தார். நாடே அரசு விழா கொண்டாடும் நாளில், அதிபரையே நேருக்கு நேர் விளித்து, ‘உங்கள் மக்கள் படும் பாட்டைப் பாருங்கள்’ என்று ஒரு சின்னப் பையன் பாடுகிறான்! அடுத்த மாதம் தெருவில் போராட்டம் வெடித்தது. 2011 ஜனவரி 6 அன்று போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. சில நாளில் விட்டார்கள். ஜனவரி 14 அன்று பென் அலி நாட்டை விட்டே ஓடிவிட்டார். ஆட்சியை ஒரு பாட்டு கவிழ்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தின் வாயில் அந்த வரிகள் இருந்தன. அதுவே பெரிது.

எல் ஜெனரலுக்கும் முன்னால் ஒரு குழு உண்டு. டாம் என்று பெயர். இஸ்ரேலின் லோத் நகரத்துப் பாலஸ்தீன இளைஞர்கள் 1990களின் கடைசியில் தொடங்கியது. அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் ராப் செய்வார்கள்! 2001இல் வந்த அவர்களுடைய ‘மீன் எர்ஹாபி’ பாடலை லட்சக்கணக்கானோர் இணையத்திலிருந்து இறக்கிக் கேட்டார்கள். யூடியூப் பிறப்பதற்கே இன்னும் நான்கு ஆண்டு இருந்த காலம் அது! பிரிட்டனில் வளர்ந்த பாலஸ்தீனப் பெண் ஷாதியா மன்சூர் இன்னொரு ஆச்சரியம். பாட்டிமார்கள் உடுத்தும் பூத்தையல் போட்ட அங்கியில் மேடையேறி ராப் பாடுவார்.

இப்போது கொஞ்சம் பின்னே போவோம். கெய்ரோவுக்கு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை இரவு அரபு உலகத்துத் தெருக்கள் வெறிச்சோடிவிடும், ஏன் தெரியுமா? ரேடியோவில் உம்மு குல்தூம்! எகிப்தின் நைல் டெல்டாவில் ஓர் ஏழைக் கிராமத்து இமாமின் மகள். பெண் பிள்ளை ஊர் ஊராகப் பாடினால் நாலு பேர் பேசுவார்களே என்று, தந்தை அவருக்குப் பையன் வேடம் போட்டு அழைத்துப் போனார். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு. ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழும்.

அவருடைய ஒரு பாட்டு ஒரு மணி நேரம் ஓடும். ஒரே ஒரு பாட்டு! எப்படி என்கிறீர்களா? ஒரு வரியை எடுப்பார். பாடுவார். கூட்டம் ‘அல்லாஹ்!’ என்று கூவும். அதே வரியை வேறு வளைவில் பாடுவார். கூட்டம் எழுந்து நிற்கும். மறுபடி அதே வரி, இப்போது ஒரு சொல்லில் மட்டும் நின்று குழைவார். வாத்தியக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். பாடுபவரும் கேட்பவரும் சேர்ந்து தங்களை மறக்கும் அந்த நிலைக்கு அரபில் ‘தரப்’ என்று பெயர். நம் கச்சேரியில் நிரவல் கேட்டுச் சொக்கியவர்களுக்கு இது உடனே புரியும்.

1964இல் ‘இந்த்த ஓம்ரி’ வந்தது. இசை முகமது அப்துல் வஹாப். ஒருவருக்கொருவர் போட்டியாகப் பேசப்பட்ட இரண்டு சிகரங்கள் முதன்முதலாகச் சேர்ந்த பாட்டு. அதில் எலக்ட்ரிக் கிதார் வேறு! 1975 பிப்ரவரியில் உம்மு குல்தூம் இறந்தபோது, கெய்ரோ மக்கள் சவப்பெட்டியைத் தூக்கிவந்தவர்களிடமிருந்து வாங்கி, தங்கள் தோளிலேயே நகரம் முழுக்கச் சுமந்து ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

சரளி வரிசை பாடியவர்களுக்கு ஒரு சேதி. நீங்கள் முதன்முதலில் கற்ற மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களை அரபு இசையில் ‘ஹிஜாஸ் கார்’ என்ற மகாமில் கேட்கலாம். நாம் ராகம் என்பதுபோல அவர்களுக்கு மகாம். பிடிகள் வேறு, பாவம் வேறு. ஸ்வரப் படிகள் அவைதாம்! ஆனால் ‘ராஸ்த்’ மகாமைக் கேட்டால் திகைப்பீர்கள். அதன் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பியானோவில் அந்த ஸ்வரத்துக்குக் கட்டையே கிடையாது.

அதை எப்படி வாசிப்பது? உத் வாத்தியத்தில் மெட்டுகளே இல்லை, விரல் போன இடம் ஸ்வரம். கானூன் என்ற வாத்தியத்தில் 70க்கும் மேற்பட்ட தந்திகள், ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டி உலோக நெம்புகள். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் வளையம் மாட்டி, அதில் மீட்டுகோலைச் செருகி வாசிப்பார்கள். வாசித்துக்கொண்டே இடது கையால் நெம்பைத் தட்டிவிட்டால் ஸ்வரம் மயிரிழை நகரும். கண் இமைத்தால் தவறவிடுவீர்கள்.

1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்று கூடியது. பேலா பார்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய மேதைகள் வந்திருந்தார்கள். மேனாட்டு வாத்தியங்களைச் சேர்க்கலாமா என்று வாக்குவாதம். சேர்க்கலாம் என்றவர்களில் எகிப்தியர்கள் பலர். வேண்டவே வேண்டாம், உங்கள் மரபைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றவர்கள் ஐரோப்பியர்கள்!

இனி கடலுக்குப் போவோம். ஒரு காலத்தில் வளைகுடாவின் முத்துக்குளிக்கும் படகுகளில், பாடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு பாடகரை ஏற்றிக்கொள்வார்கள், தெரியுமா? அவருக்கு ‘நஹ்ஹாம்’ என்று பெயர். அவர் உச்சத்தில் பாட, படகாட்கள் அடிவயிற்றிலிருந்து ஒரு கனத்த ரீங்காரம் எழுப்புவார்கள். பக்கவாத்தியங்களில் ஒன்று மண் குடம்! இயற்கை முத்து வியாபாரம் நசிந்து, எண்ணெய் வந்தபின் அந்தப் படகுகள் போயின. பஹ்ரைனின் முஹர்ரக்கில் பாட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

மீண்டும் ராப்பிடம் வருவோம். அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீயின் ‘பிக் பிம்பின்’ கேட்டிருப்பீர்கள். அதில் சுழன்று சுழன்று வரும் அந்தப் புல்லாங்குழல் 1957இல் வந்த ஓர் எகிப்தியப் படத்துப் பாட்டு! பலீக் ஹம்தி இசையமைத்து, அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் பாடிய ‘கொஸாரா’. இசையமைப்பாளரின் உறவினர் 2007இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். 11 ஆண்டு இழுத்து, 2018இல் மேல்முறையீட்டிலும் ஜே-ஸீ தரப்பே வென்றது. வழக்கில் யார் வென்றால் என்ன, அந்த மெட்டைப் பெற்ற தாய்வீடு கெய்ரோதான்.

அதே கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளில் கல்யாண வீட்டு மேளமும் கம்ப்யூட்டர் ஒலியும் ராப்பும் கலந்து பிறந்தது மஹ்ரகானாத். 2020 பிப்ரவரியில் எகிப்தின் இசைக் கலைஞர் சங்கம் இந்தப் பாடகர்களை மேடையேற விடாமல் தடை போட்டது. பிள்ளைகள் நிறுத்தினார்களா? டாக்ஸியில், ஆட்டோவில், நைல் படகில் அதே பாட்டுதான். 2022 டிசம்பரில் கத்தாரில் உலகக்கோப்பை இறுதிப் போட்டிக்கு முன்னால் லுசைல் மைதானத்தில் நின்று பாடியவர்களில் ஒருவர் அலெக்ஸாண்ட்ரியாவின் ராப் பாடகர் வெகஸ்!

கேட்கத் தொடங்க ஆசையா? எல் ஜெனரலில் ஆரம்பியுங்கள், மூன்று நான்கு நிமிடம்தான். அடுத்து டாம். பிறகு ஓர் இரவு வேலையெல்லாம் முடித்து, போனை ஓரமாக வைத்துவிட்டு, ‘இந்த்த ஓம்ரி’யின் மேடைப் பதிவைப் போடுங்கள். உம்மு குல்தூம் வாய் திறக்கவே வெகு நேரமாகும், பொறுத்திருங்கள்.