உர மானியம்: பரப்புக்கு எவ்வளவு? எப்போது?

2024/25 காலபோக நெற்செய்கைக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, உடுப்பிட்டியில் என் கடைக்கு வந்த கமக்காரர்கள் கேட்ட முதற்கேள்வி, "நானா, எனக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான்.

வடமராட்சியில் எவரும் ஹெக்டேயரில் கணக்குப் பார்ப்பதில்லை. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர், அதாவது சுமார் 40 பரப்பு. ஆகவே பரப்பொன்றுக்கு 625 ரூபா. ஐந்து பரப்பு வயல் செய்பவருக்கு 3,125 ரூபா. இது ஒரு மூடை யூரியாவின் விலைக்கே போதாது. மானியத்தின் உச்ச எல்லை 2 ஹெக்டேயர். அந்த எல்லையைத் தொடுமளவு வயல் எம்மூரில் எத்தனை பேருக்கு உண்டு?

இலங்கையில் உர மானியம் 1962 இல் தொடங்கியது. 2005 இன் இறுதியிலிருந்து நெற்செய்கையாளருக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு வந்தது. 2018 இல் மீண்டும் மூடை, விலை 500 ரூபா. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் விளைச்சல் விழுந்து, பசளை விலையும் பல மடங்காகிவிட்டது. 2022/23 காலபோகத்தில் மறுபடியும் காசு.

மூடைக்கும் காசுக்கும் என்ன வித்தியாசம்? மூடையை நிர்ணய விலையில் கொடுத்தால், உலகச் சந்தையில் விலை ஏறும்போது அந்தச் சுமை திறைசேரிக்கு. காசைக் கொடுத்தால் அதே சுமை கமக்காரருக்கு. தமக்கு வேண்டிய பசளையைத் தாமே தெரிந்து வாங்கலாம் என்பது காசில் உள்ள நன்மை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கமநல சேவை நிலையத்தின் பதிவில் யார் பெயர் உள்ளதோ அவருக்கே காசு போகும். காணிக்காரர் வெளிநாட்டில் இருக்க, வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்பவர் விதைப்புக்கு முன்னரே தம் பெயரைப் பதிந்துகொள்வது அவசியம். கிணற்று நீர் இறைத்து வெங்காயம் செய்யும் தோட்டக்காரருக்கு, பெருமளவில் நெல்லையே நோக்கிய இத்திட்டத்தால் பயன் குறைவு. இறைத்து விளைவிப்பவரின் செலவை எமது மார்க்கம் கவனித்திருக்கிறது. மழையில் விளைந்ததற்கு ஸகாத் பத்திலொன்று, இறைத்து விளைவித்ததற்கு இருபதிலொன்று.

இனி வியாபாரிகளாகிய எமது பங்கு. பயிர் பசளைக்காகக் காத்திருக்காது. மானியக் காசோ பிந்தி வரலாம். அந்த இடைவெளியில் கமக்காரர் எமது கடைப் படியேறுகிறார். "காசு விழுந்தவுடன் தாறன், நானா" என்பார். அப்போது, "விளைச்சலை எனக்கே, நான் சொல்லும் விலைக்குத் தரவேண்டும்" என்று கட்டிப்போடுவது எளிது. எம்மில் சிலர் அதைச் செய்கிறோம். கடன் விலையை ஆரம்பத்திலேயே பேசி முடிப்பது வியாபாரம். தவணை தவறியபின் தொகையைக் கூட்டுவது வட்டி.

நானும் ஒரு காலத்தில் கடனை மனதில் மட்டும் வைத்திருந்தேன். பிறகு எனக்கும் ஒரு கமக்காரருக்கும் ஒரு மூடைக் கணக்கில் மனத்தாங்கல் வந்தது. யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து மூடை, விலை, தவணை மூன்றையும் கொப்பியில் எழுதி, அவரிடமும் ஒரு பிரதி கொடுக்கிறேன். கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்பது அல்குர்ஆனின் கட்டளை. மானியம் எவ்வளவு, எப்போது என்பது எம் கையில் இல்லை. தராசும் கொப்பியும் எம் கையில்தான் உள்ளன. அல்லாஹ் எமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.